வாயை மூடிச் சிரிக்கும் ஊர்

போட்டோவில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு போட்டோ இல்லை, நாலு. கோயிலில் ஒன்று, காலேஜ் விழாவில் ஒன்று, மாமரத்தடியில் ஒன்று, பாஸ்போர்ட் சைஸில் ஒன்று. நாலிலும் உதடு ஒட்டியே இருந்தது. "பேசாத பொண்ணு மாப்ளே... அதிர்ஷ்டக்காரன்டா நீ!" என்றேன் நண்பனிடம். மறுநாள் மத்தியானத்துக்குள் இந்த ஜோக்குக்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நண்பன் பேங்க்கில் கேஷியர். நாங்கள் கூப்பிடுவதும் கேஷியர் என்றுதான். வயசு 34. இதுவரை 11 வீட்டில் கேசரி சாப்பிட்டிருக்கிறான். 11 என்பது நான் சொன்ன கணக்கு இல்லை, அவனே எண்ணி வைத்திருப்பது. பன்னிரண்டாவது வீடு தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம்.

அவன் அம்மாவுக்கு முழங்கால் ஜவ்வு தேய்ந்துபோய், பஸ் படி ஏற முடியாது. "நீங்க முதல்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. பிடிச்சா நான் காரு வெச்சுக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் ஒருத்தர் வேண்டுமே என்று தாய்மாமனையும் கூட அனுப்பினார். மாமா 32 வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். காது அவுட். நாம் 'டீ சாப்பிடலாமா' என்றால் அவர் 'தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே' என்பார். ராத்திரி பஸ்ஸில் அவர் ரகசியம் பேசினால் கண்டக்டர் வரைக்கும் கேட்டது.

"பொண்ணு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியாம்! ஸ்கூல்ல டீச்சராம்! நம்ம பையன் தாங்குவானா?"

முன் சீட்டுக்காரர் திரும்பி, கேஷியரைப் பார்த்து, தாங்க மாட்டான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

விடியற்காலை தர்மபுரி. பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, டீ குடித்து, டவுன் பஸ் பிடித்தோம்.

ஊருக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட இடம். தின்றால் ஆயுசு நீளும் என்கிற அபூர்வ நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தாரே, அந்த அதியமான். இப்போது நாம் ஆபீசில் ஒரு முறுக்கைக்கூட டிராயருக்குள் வைத்துத்தான் கடிக்கிறோம்!

பாப்பாரப்பட்டியும் இந்தப் பக்கம்தான். சுதந்திரப் போராட்டத் தியாகி சுப்பிரமணிய சிவா 1925-ல் கண் மூடிய ஊர். வெள்ளைக்காரன் ஜெயிலில் தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். இன்றைக்கு அந்தக் கிருமியைக் கொல்ல மாத்திரை இருக்கிறது. ஆனால் கிருமி செத்தாலும், அது தின்றுவிட்டுப் போன நரம்பு திரும்பி வருவதில்லை. இப்படி ஒன்று உடம்பில் நடக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. பி.காம். படித்தவனுக்கு பயாலஜி பத்தாவதோடு சரி. எங்கள் பாடத்தில் தேய்மானம் என்றால் வருஷா வருஷம் பத்து பர்சென்ட் கழிப்போம். மெஷின் மொத்தமாகத் தேய்ந்ததும் புதுசு வாங்குவோம். கணக்கு முடிந்தது.

ரோட்டின் ரெண்டு பக்கமும் பாறை, புளியமரம், ஆடு. மறுபடி பாறை. பெரிய குண்டுக்கல்லை யாரோ விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனது மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் பாறைதான் வில்லன் என்று இன்னும் தெரியாதே!

வீட்டு வாசலிலேயே பெண்ணின் அப்பா நின்றிருந்தார். அறுபது வயசிருக்கும். "வாங்க தம்பி, வாங்க சார்" என்று ஒவ்வொருத்தரிடமும் பேசும்போதும் உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பி, நேருக்கு நேர் நின்று பேசினார். என்ன மரியாதை, என்ன மரியாதை என்று நான் சொக்கிப் போனேன். மாமா ஒரு படி மேலே போய், "இந்தக் காலத்துல இப்படி மனுஷாளை மதிக்கிறவங்க யாரு இருக்கா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பெரியவர் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு.

கேசரி வந்தது. கேஷியர் மனசுக்குள் '12' என்று எழுதிக்கொண்டான். பின்னாலேயே பெண் காபித் தட்டோடு வந்தாள். லட்சணமாக இருந்தாள். "எடுத்துக்கங்க" என்று சொல்லும்போதுதான் பார்த்தேன். முன் பல் எல்லாம் காவி கலந்த பழுப்பு. ஒவ்வொரு பல்லின் குறுக்கேயும் கோடு கோடாக, செம்மண் தண்ணீர் வடிந்து காய்ந்த சுவர் மாதிரி.

நானும் கேஷியரும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டோம். மாமாவுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

"ஏம்மா, பல்லு ஏன் இப்படி இருக்கு? வெத்தலை போடுவியா?"

வீடே நிசப்தம். உள்ளே மிக்ஸிகூட நின்றுவிட்டது.

"எங்க பக்கம் ஒரு பல்பொடி இருக்கும்மா. நாலு நாள் நல்லா அழுத்தித் தேய்ச்சா..."

"தேய்ச்சாப் போகாதுங்க" என்றாள் அந்தப் பெண். குரல் நடுங்கவில்லை. இதற்கு முன்னாலும் பல பேருக்குச் சொல்லிப் பழகின குரல். "மேல ஒட்டின கறை இல்லைங்க. உள்ளேயே ஊறினது."

"எந்த ஊரு?" என்றார் மாமா.

அவள் ஒரு வினாடி யோசித்தாள். அப்புறம் குரலை உயர்த்தி, "இந்த ஊருதாங்க! இந்த ஊர்த் தண்ணி!" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் அவள் எங்களுக்கு எடுத்த பாடத்தை என் பாஷையில் சொல்கிறேன்.

பல்லின் மேலே வெள்ளையாக இருக்கிறதே எனாமல், அதைக் கட்டுவதற்கென்றே நம் உடம்பில் ஒரு வகை செல் இருக்கிறது. அமீலோபிளாஸ்ட் என்று பெயர். கொத்தனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகிற காலத்தில் இவர்கள் வேலை செய்கிறார்கள். முதலில் புரதத்தால் சாரம் கட்டுவார்கள். அப்புறம் சாரத்தைப் பிரித்துப் பிரித்து, அந்த இடத்தில் தாது உப்பை அடைப்பார்கள். வேலை முடிந்த எனாமலில் 96 சதவிகிதம் தாதுதான். எலும்பைவிடக் கெட்டி, உடம்பிலேயே இதுதான் கெட்டி.

பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் என்ன ஆகிறது? கொத்தனார்கள் அத்தனை பேரும் காலி. பரம்பரையே கிடையாது. கை அறுபட்டால் தோல் வளர்கிறது, கால் உடைந்தால் எலும்பு கூடுகிறது. அங்கெல்லாம் ரிப்பேருக்கு ஆள் இருக்கிறார்கள். எனாமலுக்கு மட்டும் ஆளே இல்லை. கட்டினது கட்டினதுதான்.

அந்தக் கட்டுமான காலத்தில் குழந்தை குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால், கொத்தனார்கள் சாரத்தைச் சரியாகப் பிரிக்க முடியாமல் திணறுகிறார்கள். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன. பல் முளைக்கும்போது சாக்பீஸ் மாதிரி வெளுப்பாகத் தெரியும். அப்புறம் வருஷக்கணக்கில் அந்த ஓட்டைகளில் கறை இறங்கிப் பழுப்பாகிவிடும். எல்லாம் ஏறக்குறைய எட்டு வயசுக்குள் முடிந்துபோகிற விவகாரம். அதற்கப்புறம் பன்னீரே குடித்தாலும் பல் மாறாது.

"அப்போ டூத் பேஸ்ட்ல ஃபுளோரைடு போடறாங்களே?" என்று கேட்டேன். ஏதோ நானும் விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

"கொஞ்சமா இருந்தா பல்லுக்குக் காவல்ங்க. அளவு தாண்டினா எமன். ஒரு லிட்டர் தண்ணியில 1.5 மில்லிகிராம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் போட்ட எல்லை. நம்ம நாட்டுலயும் ஒரு மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லேன்னா 1.5 வரைக்கும்னு வெச்சிருக்காங்க. பேஸ்ட்டுகூட சின்னப் பிள்ளைங்க முழுங்காமப் பாத்துக்கணும்."

இந்தக் கறைக்கு ஊர் ஊராகச் சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் போன பல் டாக்டர் ஃபிரெடரிக் மெக்கே, ஊர் ஜனங்கள் பலருக்கும் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். காரணம் கண்டுபிடிக்க 30 வருஷம் ஆயிற்று. 1931-ல் அலுமினியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த சர்ச்சில் என்கிற ரசாயன நிபுணர்தான் தண்ணீரைச் சோதித்து, குற்றவாளி ஃபுளோரைடு என்று சொன்னார். நம் பக்கத்தில் 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் இருப்பதை டாக்டர் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள்.

"தண்ணிக்குள்ள அது எப்படி வந்தது? ஃபேக்டரியா?" என்றார் மாமா. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னால் அவருக்குக் கேட்கும்.

"ஃபேக்டரி எல்லாம் இல்லைங்க. வர்ற வழியில பாத்தீங்களே, அந்தப் பாறைதான். பாறைக்குள்ளேயே ஃபுளோரைடு இருக்கு. மழைத் தண்ணி சேர்ற மேல்கிணறு வத்திப்போனா, ஆழமா போர் போடறோம். அடியில பாறையோட ரொம்ப நாள் கிடந்த தண்ணிதான் மேல வருது. பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும். வாசனை கிடையாது, ருசியில எதுவும் தெரியாது."

"காய்ச்சிக் குடிக்கறதுதானே?"

"காய்ச்சினா தண்ணிதாங்க ஆவியாகும். ஃபுளோரைடு அப்படியே நிக்கும். இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."

மாமா வாயடைத்துப் போனார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது அவளுடைய அப்பா பேசினார். முதலில் உட்கார்ந்தபடியே உடம்பை முழுசாக எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். "பிள்ளைக்குப் பல்லோட போச்சுங்க. எனக்குக் கழுத்து. திரும்பாது. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது."

எனக்குச் சுரீர் என்றது. நான் மரியாதை என்று நினைத்தேனே, அது மரியாதை இல்லை. அந்த மனுஷனுக்குக் கழுத்து திரும்பவில்லை!

வருஷக்கணக்கில் உள்ளே போகிற ஃபுளோரைடு எலும்பில் போய்த் தங்குகிறது. எலும்பு தடித்து, மூட்டுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்களில் சுண்ணாம்பு படிகிறது. கண்ணி கண்ணியாக வளைய வேண்டிய முதுகெலும்பு கடப்பாரை மாதிரி ஆகிவிடுகிறது. வலிக்கு மாத்திரை உண்டு. பழைய கழுத்தைத் திருப்பித் தர மாத்திரை கிடையாது. கால்சியம், வைட்டமின் சி எல்லாம் நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் டாக்டர்கள். வைட்டமின் சி என்றால் நெல்லிக்காய். அதியமான் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் அதனால் போன பல்லும் கழுத்தும் திரும்பாது.

மாமாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்த கேள்வி.

"தப்பா நினைக்காதீங்க. நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கும் வருமா?"

அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டாள். அண்ணன் மகளாம். ஒன்பது வயசு. பாவாடை சட்டையில் ஓடி வந்தது.

"மாமாவுக்குப் பல்லைக் காட்டு."

பாப்பா ஈ என்று இளித்தது. பளீர் என்று, புதுசாக முளைத்த முன் பல் ரெண்டும் அரிசி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"இவளும் இதே வீடுதாங்க. இதே ரத்தம்தான். குடிக்கற தண்ணி மட்டும் வேற."

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் இருக்கிறதே, அந்தத் தண்ணீர். 2008-ல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் முடித்து, 2013-ல் தொடங்கி வைத்தது. அந்த வீட்டில் இப்போது குடிக்க, சமைக்க காவேரி. மாட்டுக்கும் துணிக்கும்தான் போர் தண்ணீர்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இவளுக்கு 28. தண்ணீர் வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை, ஆனால் எட்டு வயசைத் தாண்டிவிட்டவள். பாப்பா தண்ணீர் வந்த பிறகு பிறந்தது. குழாய் கொஞ்ச வருஷம் முன்னால் வந்திருந்தால் இந்தப் பெண் நாலு போட்டோவிலும் சிரித்திருப்பாள். காவேரி ஒன்றும் தூரத்தில் இல்லை. அங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான்.

அப்புறம் வழக்கம்போல, "பொண்ணும் பையனும் ரெண்டு வார்த்தை பேசட்டுமே" என்றார்கள். ரெண்டு பேரும் பின்பக்கம் புளியமரத்தடிக்குப் போனார்கள். பத்து நிமிஷத்தில் கேஷியர் திரும்பி வந்தான். கல்லாவில் ஐநூறு ரூபாய் குறைந்த நாளில் இருக்கிற மூஞ்சி.

"யோசிச்சு போன் பண்றோம்" என்று எழுந்தோம்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒகேனக்கல் பார்க்காமல் போனால் பாவம் என்று மாமா சொன்னார். பென்னாகரத்திலிருந்து 16 கிலோமீட்டர், மலைப்பாதை இறக்கம். 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. புகைகிற கல் என்பதுதான் பெயர். தண்ணீர் பாறையில் விழுந்து சிதறி எழும்புகிற சாரல், தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே புகை மாதிரிதான் இருக்கிறது.

முதலில் எண்ணெய் மசாஜ். ஒரு கல்லில் மாமாவைக் குப்புறப் போட்டு, மசாஜ்காரர் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்தார். மாமா போட்ட சத்தத்தில் அருவி கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. அப்புறம் குளியல். குளித்துவிட்டு பரிசல். மூங்கில் கூடையில் மூணு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ரெண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர். பரிசல்காரர் சும்மா இருக்காமல் ஒரு சுற்று சுற்றிவிட்டார். கேஷியருக்குத் தலை சுற்றி வார்த்தை வெளியே வந்தது.

"அவதான் என்னை வேண்டாம்பா போல இருக்கு மாப்ளே."

"என்னடா சொல்றே?"

"பக்கத்துல போய் நின்னதுமே, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்னு கேட்டா. ஆறுன்னேன். ஆறுன்னா ஒன்பதான்னு கேட்டா."

"நீ ஒன்பதுதானே?"

"அதான்டா! கேஷியர்கிட்டயே கணக்கைத் திருத்தறா."

அவள் சொன்னதை அவன் அப்படியே ஒப்பித்தான். "என் பல்லு எட்டு வயசுல முடிஞ்ச கணக்குங்க. நான் செஞ்சதும் இல்ல, தெரிஞ்சும் செய்யல. உங்க நுரையீரல் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற கணக்கு. அதுல கோடிக்கணக்குல குட்டிக் குட்டிக் காத்துப் பை இருக்கு. புகையில அந்தப் பைச் சுவர் உடைஞ்சா ரெண்டு மூணு சேர்ந்து ஒரே ஓட்டைப் பையாயிடும். திரும்ப முளைக்காது. இன்னிக்கு நிறுத்தினா போனது வராது, மிச்சம் இருக்கறது தங்கும். தண்ணியில இருக்கறது எங்களுக்குத் தெரியல. சிகரெட் அட்டையில படமே போட்டிருக்காங்களே! மூணு மாசம் விட்டுக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

விஷயத்தை மாமாவின் காதில் கத்திச் சொன்னோம். பரிசலே ஆடும்படி குதித்தார். "என்னது? பொண்ணு வீட்டுக்காரங்க நமக்குக் கண்டிஷனா? அதுவும் அந்தப் பல்லை வெச்சுக்கிட்டா?"

கேஷியர் அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினான்.

"மாமா, உங்க காதுக்குப் போன வருஷம் நான்தானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்? அவர் என்ன சொன்னார்? உள்காதுல முடி மாதிரி செல்லு ஒவ்வொரு பக்கமும் 16,000 இருக்கும். தறிச் சத்தத்துல அது செத்துப்போச்சு, மனுஷனுக்கு மறுபடி வராதுன்னார். கோழிக்குக்கூட அது திரும்ப வளருமாம்! அத்தை உங்களை விட்டுட்டா போயிட்டாங்க? அம்மா முழங்கால் ஜவ்வு வளருமா? நம்ம வீட்டுல எது மாமா முழுசா இருக்கு, அந்தப் பொண்ணோட பல்லைச் சொல்ல?"

மாமா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். கேட்டதா, கேட்கவில்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கரையேறி, பொரித்த மீன் கடையில் உட்கார்ந்து, ரெண்டு துண்டு தின்ற பிறகு சொன்னார்: "கோழிக்கு வளருதாமா? அநியாயமா இருக்கேடா!"

கேட்டிருக்கிறது!

சாப்பிட்டதும் கேஷியர் கை பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குப் போனது. பாக்கெட்டை எடுத்தான். பார்த்தான். திரும்ப உள்ளே வைத்தான். ஆற்றில் தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன். சினிமாவில் என்றால் எறிந்திருப்பான். "இன்னும் நாலு இருக்குடா" என்றான், பேங்க்காரன் அல்லவா! ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அந்த நாலையும் முடித்துவிட்டு, அவளுக்கு போன் பண்ணி, "நாளையிலேருந்து கணக்கு" என்றான்.

பஸ்ஸில் நான் அந்த நாலு போட்டோவையும் மறுபடி பார்த்தேன். காலேஜ் விழாப் படத்தில், பின்வரிசையில் நின்ற இன்னும் ரெண்டு மூணு பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் தடவை அது என் கண்ணில் படவே இல்லை.

கல்யாணப் பத்திரிகை எப்போது என்றுதானே கேட்கிறீர்கள்? பதினேழாவது நாள் பேங்க்கில் ஆடிட்டர் வந்தார். டென்ஷனில் ஒன்று பற்ற வைத்துவிட்டான். யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவனே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான்.

"பொய் சொல்லாம சொன்னீங்களே, சந்தோஷம். மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுங்க" என்றாளாம்.

இதை நான் எழுதுகிற இன்றைக்கு 35-வது நாள். எண்ணிக்கொண்டிருக்கிறான்.